நட்டை இறுக்கினால் பின்சக்கரம் ஏன் இறுகுகிறது?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். ஈஜிபுராவில் இருக்கிறீர்கள். 150 சிசி வண்டி, பின்னால் டிரம் பிரேக். சிவாஜிநகர் குஜிரியில் (பழைய உதிரிபாகச் சந்தையில்), அதே கம்பெனியின் பெரிய வண்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் அலாய் சக்கரம் ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்திருக்கிறது. அந்த ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியில், இருப்பது 6204 பேரிங், அதன் உள்துளை 20 மி.மீ. சக்கரம் சுற்றும் தண்டான உங்கள் ஆக்ஸில் 17 மி.மீ. இடையில் இருக்கும் வித்தியாசத்துக்கு மெக்கானிக் ஒரு மெல்லிய புஷ் (உள்ளே செருகும் உருளை வளையம்) கடைந்து செருகியிருக்கிறார். மாட்டிப் பார்த்தால், நட்டு லூசாக இருக்கும்போது சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது. முழுசாக இறுக்கினால் கையால் தள்ளினாலும் ஒரு சுற்று வரமாட்டேன் என்கிறது. “நட்டைக் கால் சுற்று லூசாக விட்டு ஓட்டுங்க, பேரிங் செட் ஆகிடும்” என்று சொல்லியிருக்கிறார். ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

ஓட்டாதீர்கள். வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். பேரிங் செட் ஆகாது, கெட்டுத்தான் போகும். லூசாக விட்ட ஆக்ஸில் நட்டு ஓடும்போது எப்போது கழன்று வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அல்சூர் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த ஒரு தவறைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பேரிங் மேல் பழி போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேரிங் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தவறு பேரிங்கில் இருக்காது. இரண்டு பேரிங்குக்கும் நடுவில், வெளியே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன இரும்புக் குழாயில் இருக்கும்.

அந்தக் குழாய் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பேரிங் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம், உள்வளையம், வெளிவளையம், நடுவில் உருளும் இரும்புக் குண்டுகள். ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது வரிசையாக எவையெல்லாம் நசுங்குகின்றன என்று பாருங்கள். நட்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், செயின் பக்க வெளி ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் வளையம்), செயின் பல்சக்கரத்தைத் தாங்கும் ஸ்ப்ராக்கெட் கேரியர் பேரிங்கின் உள்வளையம், அதற்குள் இருக்கும் காலர், ஹப் பேரிங்கின் உள்வளையம், நடுக்குழாய், அடுத்த பேரிங்கின் உள்வளையம், மறுபக்க ஸ்பேசர், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிராக்கெட், மறுபடி ஸ்விங் ஆர்ம், கடைசியில் ஆக்ஸிலின் தலை. இத்தனையும் ஒன்றோடொன்று முட்டி, இறுகி, ஒரே இரும்புத் தூண் மாதிரி ஆகிவிட வேண்டும். அந்தத் தூண் சுற்றாது. அதன் மேல் பேரிங்கின் வெளிவளையமும் ஹப்பும் மட்டும்தான் சுற்ற வேண்டும். 16 மி.மீ. மரையில் 70 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் அந்தத் தூணின் மேல் விழும் அழுத்தம் கிட்டத்தட்ட 2 டன். இந்த 2 டன்னையும் தாங்க வேண்டியது நடுக்குழாய். குழாய் தாங்கினால் பேரிங் குண்டுகளுக்கு இந்த அழுத்தத்தில் ஒரு துளியும் போகாது.

இப்போது குழாய் அரை மி.மீ. குட்டையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹப்புக்குள் பேரிங் உட்காரும் பள்ளத்தின் அடியில் ஒரு படி இருக்கும், வெளிவளையம் அந்தப் படியில் முட்டி நிற்கும். உள்வளையத்துக்கு முட்ட எதுவும் இல்லை, ஏனென்றால் குழாய் எட்டவில்லை. நட்டை இறுக்க இறுக்க இரண்டு உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று உள்ளே நகரப் பார்க்கும், வெளிவளையங்கள் நகராது. நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குவது குண்டுகள். சாதாரணக் குண்டு பேரிங் பக்கவாட்டில் இப்படி டன் கணக்கில் சுமக்கச் செய்யப்பட்டதல்ல. உங்கள் சக்கரம் இறுகுவது இதனால்தான். வேறு காரணங்களும் உண்டு, ஸ்பேசர் ஆயில் சீலில் உரசலாம், காலிப்பர் பிராக்கெட் கோணலாக நிற்கலாம். ஆனால் “லூசாக இருந்தால் சுற்றுகிறது, இறுக்கினால் நிற்கிறது” என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கையில் எடுப்பது வெர்னியர் அளவுகோலைத்தான்.

நீங்கள் கொடுத்த அளவில் குழாயின் நீளம் 61.3 மி.மீ. என்று இருக்கிறது. ஹப்பின் அளவைச் சொல்லவில்லை. அதை எடுப்பது இப்படி. இரண்டு பேரிங்கையும் கழற்றி, பள்ளங்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடுங்கள். ஹப்பின் ஒரு பக்க முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை அளக்கவும். உதாரணத்துக்கு 93.0 என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் வெர்னியரின் வால் குச்சியை உள்ளே விட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் முகத்திலிருந்து படி வரை ஆழம் பாருங்கள். ஒரு பக்கம் 15.4, மறுபக்கம் 15.6 என்றால், கூட்டி 31.0. 93-இல் அதைக் கழித்தால் 62.0. இதுதான் படிக்கும் படிக்கும் இடையே உள்ள தூரம். குழாய் இதைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்க வேண்டும், 0.1 மி.மீ., அதிகம் போனால் 0.2. சமமாக இருந்தால்கூட எனக்குத் திருப்தி இல்லை, அளவெடுப்பதில் வரும் சிறு பிழை குட்டைப் பக்கம் போய்விட்டால் பேரிங் போச்சு. ஒவ்வோர் அளவையும் மூன்று இடத்தில் எடுத்துப் பாருங்கள். பழைய ஹப்பில் முகம் சுத்தியல் பட்டு மேடாகியிருக்கும், அந்த மேடு உங்களை ஏமாற்றும்.

இந்த உதாரணத்தில் 61.3 குழாய் என்றால் 0.7 மி.மீ. குறைகிறது. உங்கள் ஹப்பில் எண் வேறாக வரலாம். ஆனால் குஜிரியில் சக்கரம் வாங்கும்போது அந்தக் குழாய் அதே சக்கரத்துடையதுதானா என்று யாரும் உறுதி தர முடியாது, ஒரு டப்பாவில் இருபது குழாய் கிடக்கும், கைக்கு வந்ததைப் போட்டுக் கொடுப்பார்கள். சரியான குழாயாகவே இருந்தாலும், பேரிங் தட்டி எடுக்கும்போது கம்பி பட்டு முனை பிசிறடித்திருக்கும், அதை யாராவது கிரைண்டரில் பிடித்துத் தேய்த்திருப்பார்கள். பிசிறை அரத்தால் மெதுவாக எடுக்கலாம், முகத்தைத் தேய்க்கக் கூடாது. குட்டையான குழாயைச் சரிசெய்கிறேன் என்று வாஷர் போடுபவர்களும் உண்டு. கடையில் வாங்கிய வாஷர் சமதளமாக இருக்காது, அழுத்தத்தில் நசுங்கும், ஆயிரம் கிலோமீட்டரில் பழைய கதைதான். குழாயைப் புதிதாகக் கடைந்துவிடுங்கள்.

எப்படியும் உங்களுக்குப் புதுக் குழாய் வேண்டியிருக்கிறது, அதற்குக் காரணம் அந்த மெல்லிய புஷ். அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். பேரிங் எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தால் அந்தப் புஷ்ஷே தேவைப்பட்டிருக்காது. கடைசி இரண்டு இலக்கம் உள்துளையைச் சொல்லும். 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04-லிருந்து ஐந்தால் பெருக்க வேண்டும், 04 என்றால் 20, 05 என்றால் 25. இரண்டாவது இலக்கம் வரிசையைச் சொல்லும், 62 வரிசையைவிட 63 வரிசை கனமானது. இப்போது இதைப் பாருங்கள். 6204-இன் அளவு உள்ளே 20, வெளியே 47, அகலம் 14. 6303-இன் அளவு உள்ளே 17, வெளியே 47, அகலம் 14. வெளிவிட்டமும் அகலமும் அச்சு அசலாக ஒன்று. அதாவது உங்கள் ஹப்பில் இருக்கும் 6204-ஐத் தட்டி எடுத்துவிட்டு 6303 போட்டால், ஹப்பில் ஒன்றும் செய்யாமலேயே உங்கள் 17 மி.மீ. ஆக்ஸில் நேராக உள்ளே போகும். சுமை தாங்குவதிலும் 6303 ஒரு படி மேல்தான். இதே மாதிரி 6205-க்கும் 6304-க்கும் வெளி அளவு ஒன்று, 52-க்கு 15. 6202-க்கும் 6300-க்கும் ஒன்று, 35-க்கு 11. சக்கரம் மாற்றுகிறவர்கள் இந்த மூன்று ஜோடியையும் எங்காவது எழுதி வைத்துக்கொண்டால் லேத் பட்டறைக்கு அலைவது பாதி குறையும்.

புஷ் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். முழு நீளத்துக்கு ஒரே துண்டாக, நல்ல இரும்பில், அளவாகக் கடைந்த புஷ் வேலை செய்யும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களுடையது ஒன்றரை மி.மீ. கனத்தில், பேரிங்குக்கு ஒன்றாக இரண்டு துண்டு. புஷ்ஷுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி, புஷ்ஷுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இன்னோர் இடைவெளி, இரண்டும் சேர்ந்து ஆட்டமாக மாறும். அதைவிட மோசம், புஷ் பேரிங்கைவிட இம்மி நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெளி ஸ்பேசர் புஷ்ஷின் மேல் முட்டி நிற்கும், உள்வளையத்தைத் தொடாது. நட்டு இறுகின மாதிரி இருக்கும், உள்வளையம் மட்டும் ஆக்ஸிலின் மேல் சும்மா நழுவிச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆக்ஸிலில் நீல நிறத் தழும்பு விழுவது அப்படித்தான்.

17 மி.மீ. பேரிங் போட்டதும் நடுக்குழாயின் உள்துளையும் மாற வேண்டும். 20 துளைக் குழாயை 17 ஆக்ஸிலில் விட்டால் ஒன்றரை மி.மீ. கீழே தொங்கி, உள்வளையத்தின் பாதி முகத்தில்தான் முட்டும், கீழ்ப்பக்கம் ரப்பர் சீலிலும் உரசும். ஆகவே லேத்தில் சொல்ல வேண்டியது உள்துளை 17.2, நீளம் நீங்கள் அளந்த தூரத்தோடு 0.1 கூட்டி, இரண்டு முனையும் ஒரே பிடியில் சதுரமாக. வெளிவிட்டம் 6303-இன் உள்வளையத் தோளைத் தாண்டக் கூடாது. புதுப் பேரிங்கைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், உள்வளையத்தின் மேல் வைத்துக் காட்டிக் கடையச் சொல்லுங்கள், அதுதான் வம்பில்லாத வழி. கேரியர் பேரிங்குக்குள் இருக்கும் காலரும் 20 துளையாகத்தான் இருக்கும், அதற்குப் பதிலாகவும் 17 துளையில் புதிதாக ஒன்றை அதே நேரத்தில் கடைந்துவிடுங்கள். பீன்யாவில் இரண்டு தெருவுக்கு ஒரு லேத் இருக்கிறது. ஆனால் பெரிய வேலை செய்கிற இடத்தில் ஒற்றைக் குழாயைக் கையில் எடுக்கமாட்டார்கள், ஒரு ஆள் இரண்டு மெஷின் வைத்திருக்கும் சின்னக் கடையாகப் பார்த்து, காலையில் போங்கள்.

பேரிங் வாங்கும்போது இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் கேளுங்கள். இசட்இசட் என்று இருந்தால் அது தகரமூடி, தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. பெங்களூர் மழைக்கும், வாட்டர் சர்வீஸ்காரர் ஹப்பின் வாயிலேயே வைத்து அடிக்கிற பிரஷர் பம்புக்கும் ரப்பர் சீல்தான் தாக்குப்பிடிக்கும். சி3 என்று போட்டிருந்தால் உள் இடைவெளி கொஞ்சம் அதிகம் என்று அர்த்தம், சக்கரத்துக்குத் தாராளமாகப் போடலாம். ஜே.சி. ரோட்டில் விலை விசாரிக்கும்போது, ஒரே பெயர் போட்ட பேரிங் ஒரு கடையில் மட்டும் பாதி விலைக்கு வந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். போலியில் எழுத்து மங்கலாக, கைபட்டால் அழிகிற மாதிரி இருக்கும்.

அடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நல்ல பேரிங் பாதி இந்த இடத்தில்தான் செத்துப்போகிறது. ஹப்பில் இறுக்கமாக உட்காருவது வெளிவளையம். ஆகவே வெளிவளையத்தில்தான் அடி விழ வேண்டும். உள்வளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகும், ஓடுபாதையில் குண்டு குண்டாகக் குழி விழும். கண்ணுக்குத் தெரியாது. விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தால் மட்டும் ரேடியோ ஸ்விட்ச் மாதிரி விட்டு விட்டுப் பிடிக்கும். என்னிடம் பழைய 6303 ஒன்றின் வெளிவளையம் இருக்கிறது, வெளிப்பக்கத்தைக் கிரைண்டரில் அரை மி.மீ. குறைத்து வைத்திருக்கிறேன். புதுப் பேரிங்கின் மேல் அதை வைத்து, அதன் மேல் தடித்த தகடு வைத்துத் தட்டினால் அடி சுற்றிலும் சமமாக விழும். தகுந்த அளவு பெரிய பாக்ஸ் ஸ்பானர் மண்டை இருந்தாலும் போதும்.

முதல் நாள் ராத்திரியே பேரிங்கை, காகிதத்தோடு பாலிதீன் பையில் சுற்றி, ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் ஹப்பை ஹாட் ஏர் கன்னால் சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுருசுருவென்று வற்றும் அளவுக்குப் போதும், அதற்கு மேல் வேண்டாம். கேஸ் வெல்டிங் தீயைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். ஹப் 70 டிகிரி ஏறினால் 47 மி.மீ. துளை 0.07 மி.மீ. பெரிதாகும், ஃப்ரீசரில் இருந்த பேரிங் 0.02-க்கு மேல் சுருங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் பேரிங் பெரும்பாலும் கையாலேயே வழுக்கி இறங்கிவிடும், இறங்காவிட்டாலும் ரெண்டு தட்டு.

முதலில் எந்தப் பக்கம் என்பது வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், பல வண்டிகளில் டிஸ்க் பக்கம் முதலில். அந்தப் பக்கத்துப் பேரிங் படியில் போய் முழுசாக முட்ட வேண்டும். காதை வைத்துக் கேளுங்கள், இறங்கிக்கொண்டிருக்கும்போது சத்தம் “டொக் டொக்” என்று மந்தமாக இருக்கும், படியில் முட்டியதும் “டிங்” என்று கெட்டியாகிவிடும். அதோடு நிறுத்துங்கள். சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, குழாயை உள்ளே வையுங்கள். சிரிக்காதீர்கள், குழாயை வைக்க மறந்துவிட்டு இரண்டாவது பேரிங்கை அடித்து இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பேரிங்கை இறக்கும்போது அது படியைத் தேடிப் போகக் கூடாது, உள்வளையம் குழாயைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். படிக்கும் அதற்கும் நடுவில் அந்த 0.1 மி.மீ. அப்படியே இருக்கும், இருக்கட்டும். இரண்டு தட்டுக்கு ஒரு முறை விரலை விட்டுக் குழாயை அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் இன்னும் இறங்க வேண்டும். விரலால் தள்ளினால் லேசான பிடிமானத்தோடு நகர்கிறது, உள்வளையமும் வழவழப்பாகச் சுற்றுகிறது என்றால் அதுதான் இடம்.

ஹப் ஆறியிருக்கும்போதே பேரிங் கையால் இறங்கிவிட்டால் பள்ளம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே சென்டர் பஞ்ச் எடுத்துப் பள்ளத்தைச் சுற்றிக் குத்துவார்கள். அந்தப் புள்ளிகளின் முனைதான் பேரிங்கைப் பிடிக்கும், கொஞ்ச நாளில் முனை நசுங்கிவிடும். தேய்மானம் லேசாக இருந்தால் பேரிங்கை ஒட்டவைக்கும் ரீடெய்னிங் காம்பவுண்ட் போடலாம். அதிகமாக இருந்தால் அந்தச் சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளி ஸ்பேசர்களை ஸ்விங் ஆர்மின் மிச்ச இடத்தை நிரப்புவதற்காக மட்டும் கடையாதீர்கள். செயின் பக்க ஸ்பேசரின் நீளத்தை முடிவு செய்வது செயின். முன் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் ஒரு நேரான பட்டையை வைத்தால் அது பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் சீராகப் படிய வேண்டும். அதற்குத் தோதாக அந்தப் பக்க ஸ்பேசரைக் கடைந்துவிட்டு, மீதி இடத்தைக் காலிப்பர் பிராக்கெட்டோடு சேர்த்து மறுபக்கத்துக்குக் கொடுங்கள். ஸ்விங் ஆர்மின் இரண்டு கையும் நட்டை இறுக்கும்போது உள்ளே வளைந்து நெருங்கினால் ஸ்பேசர் குட்டை. ஜாக்கி போட்டு விரித்து மாட்ட வேண்டியிருந்தால் நீளம். இரண்டும் கூடாது.

பேரிங்கைவிட எனக்குப் பயம் தருவது ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. உங்களுடையது டிரம் வண்டியின் ஸ்விங் ஆர்ம். காலிப்பர் பிராக்கெட்டைப் பிடித்துக்கொள்ளும் காது அதில் இருக்காது. அந்தப் பிடிமானம் இல்லாமல் பிரேக் மிதித்தால் பிராக்கெட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும், ஹோஸ் அறுந்து சக்கரம் பூட்டிக்கொள்ளும். மூலைக்கடை வெல்டிங் இதற்கு ஆகாது. டிஸ்க் மாடலின் ஸ்விங் ஆர்மையே தேடி வாங்குங்கள். அதன் ஆக்ஸில் 20 மி.மீ. என்றால் இன்னும் நல்லது, 6204-ஐயே புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், நான் மேலே சொன்ன 6303 கணக்கே தேவைப்படாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் வருகிறது, அதையும் மனதில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வருடம் முன்னால், பட்டறை வைப்பதற்கு முந்தி, டயர் மாற்றக் கொடுத்த இடத்தில் பேரிங்கையும் மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினேன், பின்னால் என் தங்கை. சூளகிரி தாண்டியதும் பின்பக்கம் லேசாக ஆடியது. நிறுத்திக் கையை வைத்தால் ஹப் வைக்க முடியாத சூடு, சீல் ரப்பர் உருகி கிரீஸ் ரிம் வரை வழிந்திருந்தது. வண்டியை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றினேன். நடுக்குழாய் ஏதோ வேறு வண்டியுடையது, 2 மி.மீ. குட்டை. ஒரு பேரிங்கில் குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூடு தூள் தூளாகியிருந்தது. இன்னும் பத்து கிலோமீட்டர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பிடிக்காது.

எல்லாம் மாட்டி முடிந்ததும் செயினையும் காலிப்பரையும் சேர்க்காமல், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து உங்கள் வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு நட்டை இறுக்கிவிட்டு, சக்கரத்தைச் சுற்றி விடுங்கள். லூசாக இருந்தபோது எப்படிச் சுற்றியதோ, முழுசாக இறுக்கிய பிறகும் அப்படியே சுற்ற வேண்டும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் செயினையும் காலிப்பரையும் மாட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டு, முதல் ஓட்டத்தைத் தனியாக ஓட்டுங்கள். கோரமங்களா பக்கம் ஒரு பத்து கிலோமீட்டர், பின் பிரேக்கைக் குறைவாகப் பயன்படுத்தி. திரும்பி வந்து ஹப்பின் நடுவில், டிஸ்க்கில் படாமல், உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கையை எடுக்க வைக்கிற சூடு இருந்தால் அன்றைக்கே கழற்றி, குழாயை மறுபடி அளந்து, அந்த எண்களை எனக்கு எழுதுங்கள்.